இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு

அவரை நிறுவனத்தில் எல்லோரும் பிரஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். ஒரு வருடம் உடல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தபோது வண்டி ஓட்டுநர், "பிரஷருக்கே பிரஷரா? இனி உங்க கையிலயும் ஒரு மீட்டர மாட்டிட வேண்டியதுதான்" என்றார். அதற்கு அவர் சிரிக்கவில்லை. வேடிக்கைப் பேச்சுக்குப் பெரும்பாலும் சிரிக்க மாட்டார். பேசினவரைத் தப்பாகவும் நினைக்க மாட்டார்.

கடல் ஆய்வு நிறுவனத்தின் கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத நீண்ட அறை ஒன்று இருக்கிறது. அதில் பன்னிரண்டு எஃகு உருளைகள். ஒவ்வொன்றும் தொடைப் பருமன், முழங்கை நீளம்; மூடியில் எட்டு போல்ட்டுகள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் கடலடிச் சேறு இருக்கும். பையைச் சுற்றிச் சுத்தமான தண்ணீர். கைப்பம்பால் அந்தத் தண்ணீரை அழுத்திக்கொண்டே போனால் மீட்டர் முள் மெதுவாக ஏறி முன்னூறில் நிற்கும். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் பாரத்தைப்போல முன்னூறு மடங்கு என்று அர்த்தம். கடலுக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அவ்வளவு பாரம் இருக்கிறது. அங்கே பிறந்த நுண்ணுயிர்களுக்கு அது பாரமில்லை, வீடு. அதைவிட்டு வெளியே எடுத்தால் அவற்றில் சில வளர்வதை நிறுத்திவிடும், சில செத்தே போகும்.

முள் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பிரஷரின் வேலை. காலையில் ஒரு முறை பன்னிரண்டு மீட்டர்களையும் பார்ப்பார். இறங்கியிருந்தால் பம்ப் அடிப்பார். பார்த்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். விடுமுறை நாட்களிலும் அரைமணி நேரம் வந்துபோக வேண்டும். அதற்கு ஈடாக வேறு நாள் லீவு உண்டு. பதினேழு வருடங்களாக இதைச் செய்துவந்தார். அந்தப் பதிவேட்டுக்கு நிறுவனத்தில் ஒரு மரியாதை இருந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் அவர் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். "எங்க மெஷினெல்லாம் பழசு. ஆனா எங்க நம்பரை நீங்க கண்ணை மூடிட்டு நம்பலாம்."

பிரஷர் அப்போது கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். புகழ்ச்சி அவருக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஒழுங்காக இருப்பதற்கும் ஒழுங்கானவர் என்று பெயரெடுப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதில் கால் இடறுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஏழாம் உருளையில் இருந்த சேற்றைக் கொண்டுவரக் கப்பல் பத்தொன்பது நாள் போய் வந்தது. கடலடியில் ஒரு விரிசல் இருக்கிறது. அதிலிருந்து ஈயம் உருகும் சூட்டில் தண்ணீர் பீறிட்டுக் கிளம்புகிறது. கொஞ்சம் தள்ளி, சூடு எழுபது டிகிரிக்கு இறங்கும் இடத்தில், வெளிச்சமே பார்க்காமல் கந்தக வாயுவைத் தின்று ஒரு கூட்டம் வாழ்கிறது. அந்த இடத்துச் சேறு அது. உருளையையும் எழுபது டிகிரிச் சூட்டில் வைத்திருந்தார்கள்.

இந்தச் சேற்றுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். வேகவைத்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆவதில்லை. நம் உடம்பிலுள்ள புரதங்களும் அப்படித்தான், சூட்டில் உருக்குலைந்துவிடும். அந்த விரிசலில் வாழ்கிறவற்றின் புரதங்கள் உருக்குலைவதில்லை. அவற்றிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்தால் அது கொதிக்கும் தொட்டியிலும் வேலை செய்யும்: கொழுப்பைக் கரைக்கும், துணிக்கறையை வெட்டும், வெந்நீரில் நடக்க வேண்டிய எத்தனையோ ரசாயன வேலைகளைப் பார்க்கும். மரபுப்பொருளைப் பிரதியெடுத்து நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு உதவுகிற நொதி, முதலில் தரையிலுள்ள ஒரு வெந்நீர் ஊற்றின் நுண்ணுயிரிடமிருந்துதான் கிடைத்தது. கடலடியில் அதைவிடப் பெரியது கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இதுவரை நம்பிக்கை அதிகம். கைக்கு வந்தது குறைவு.

சேற்றிலிருந்து அப்படி ஒன்றைத் தேடி எடுக்கும் பொறுப்பு ஓர் ஆராய்ச்சி மாணவியிடம் இருந்தது. பெரிய மேடத்துக்கு அடுத்து அந்தக் கூடத்தில் அதிக நேரம் இருப்பவள் என்பதால் அவளுக்குச் சின்ன மேடம் என்று பெயர் விழுந்திருந்தது. அவளுடைய பட்டம் முழுக்க ஏழாம் உருளையை நம்பியிருந்தது.

கப்பல் வந்து மூன்றாவது மாதம் நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. முதல் நாள் மழை. பிரஷர் குடையை எடுத்தார், திரும்ப வைத்தார். நாளைக்குப் போனால் போயிற்று, ஒரு நாளில் முள் எங்கே இறங்கிவிடப் போகிறது? இரண்டாம் நாள் மழை விட்டுவிட்டது. ஆனால் இன்று போனால் நேற்று போகாதது வாசல் காவலாளிக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு கூச்சம். மூன்றாம் நாள் அந்தக் கூச்சம் இரண்டு நாளுக்கானது ஆகிவிட்டது. நான்காம் நாள் அவர் தொலைக்காட்சியில் பார்த்து முடித்த ஆட்டத்தையே மறுபடி பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் விசேஷமில்லை, வெளியூர்ப் பயணமில்லை. பின்னாளில் அவரை அதிகம் கூச வைத்தது இதுதான். ஒரு காரணம்கூட இல்லை.

ஐந்தாம் நாள் காலை ஏழாம் உருளையின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. மூடியிலிருந்த ரப்பர் வளையம் விரிந்து, உருளையைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றினார். அழுத்தம் போனதும் சேற்றிலிருந்த வாயு உப்பி, பையின் ஒரு ஓரம் விரல் நகம் அளவு பிரிந்திருந்தது. அப்போதே மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சேறு கெட்டது தெரிந்திருக்கும், திட்டு விழுந்திருக்கும், அடுத்த கப்பலில் வேறு சேறு வந்திருக்கும். அவர் பையின் ஓரத்தைச் சூட்டுக் கம்பியால் ஒட்டினார். ஒட்டு முழுசாகப் பிடித்ததா என்று பார்க்கவில்லை. வளையத்தை மாற்றினார். உருளையை நிரப்பத் தண்ணீர் வேண்டும். காய்ச்சி வடித்து, மறுபடி நீராவியில் கிருமி நீக்கிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது விதி. வடிகலம் நான்கு நாளாக அணைந்து கிடந்தது. தண்ணீர் தயாராக ஆறு மணி நேரம் ஆகும். எட்டரைக்குச் சின்ன மேடம் வந்துவிடுவாள்.

பக்கத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் அறை இருந்தது. அங்கே சுவரில் ஒரு பெரிய ஹீட்டர். எண்ணெய்ப் பிசுக்குப் போவதற்காக அதையும் எழுபதில் வைத்திருப்பார்கள். விடுமுறையிலும் யாரும் அணைப்பதில்லை. பிரஷர் இரண்டு குடுவை வெந்நீர் பிடித்தார். சேறு கேட்கும் சூடும் அதுவே. கொதிக்கிற தண்ணீரில் என்ன கிருமி இருந்துவிடப் போகிறது?

பதினேழு வருடம் அவர் கையால் பம்ப் அடித்து வளர்த்ததெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் வாழும் கிருமிகளைத்தான். ஆனாலும் குழாயைத் திறந்தபோது அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. நாம் வேலை செய்யும் இடத்தில் கற்பது ஒன்று. கைக்குத் தெரிந்திருப்பது வேறொன்று. இரண்டும் ஒரே ஆளுக்குள் பேசிக்கொள்ளாமலே காலம் தள்ளும்.

பிறகு பதிவேட்டைத் திறந்தார். நான்கு நாளுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. மற்ற உருளைகள் சரியாகவே இருந்ததால் அவற்றுக்கு எழுதுவது சிரமமாக இல்லை. ஏழாம் உருளைக்கு முதல் நாள் முன்னூறு என்று எழுதினார். நாலு நாளும் முன்னூறு என்றே இருந்தால் பார்ப்பதற்கு நன்றாக இருக்காது. இரண்டாம் நாள் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்றாம் நாள் முன்னூற்று ஒன்று. நான்காம் நாள் மறுபடி முன்னூறு. மை காயும்வரை திறந்து வைத்திருந்தார்.

எட்டு மாதம் கழித்துச் சின்ன மேடம் ஏழாம் உருளையிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தாள். கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் அது மஞ்சளாக, பளபளப்பாக வளர்ந்தது. கொழுப்பு கலந்த தட்டில் வைத்தால் தன்னைச் சுற்றி வெள்ளையெல்லாம் கரைத்து ஒரு தெளிந்த வட்டம் போட்டது. எழுபது டிகிரியில் அதன் நொதி சளைக்காமல் வேலை செய்தது. அழுத்தம் இல்லாமலும் அது வளர்ந்தது என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. பெரிய மேடம் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்: எல்லாச் சூழலுக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும் உயிர். நமக்கு வேண்டிய முடிவுக்கு விளக்கம் கிடைக்காமல் போவது அபூர்வம்.

கட்டுரை வெளியானது. ஒரு சலவைத்தூள் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். கூடத்தில் இனிப்பு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். படத்தில் பிரஷர் ஓரமாக, ஏழாம் உருளை மேல் கை வைத்தபடி இருக்கிறார். "எழுபதுலயும் அசராதுண்ணா, உங்க பிள்ளை" என்று சின்ன மேடம் சொன்னபோது அவருக்கு உள்ளங்கையில் ஒரு சூடு ஞாபகம் வந்தது. வெந்நீர்க் குடுவையைப் பிடித்த சூடு. அதை அவர் அப்படியே கீழே வைத்துவிட்டு இனிப்பைச் சாப்பிட்டார்.

அவருடைய மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். அந்தச் செய்தியைத் தன் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி: "ஏங்க, உங்க கடல் கிருமி எப்ப எங்க மெஷினுக்கு வருது? ரத்தக்கறை தேய்ச்சுத் தேய்ச்சு என் விரல் ரேகையே போயிடுச்சு. கொஞ்சம் சீக்கிரம் நீந்தி வரச் சொல்லுங்க."

கட்டுரை வந்து ஐந்தாம் மாதம், ஒரு திங்கட்கிழமை, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். நீங்கள் வெளியிட்ட நுண்ணுயிரின் மரபு வரிசை, வீடுகளின் வெந்நீர்த் தொட்டிகளில் நாங்கள் கண்டவற்றோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது; சோதனையின்போது வெளித்தண்ணீர் ஏதும் கலந்திருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

பெரிய மேடம் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன மேடத்தை உட்காரச் சொல்லவில்லை. அதனால் பிரஷரும் நின்றார்.

"தட்டு ஊத்துறப்ப எந்தத் தண்ணி எடுத்த?"

"வடிச்ச தண்ணிதான் மேடம். எப்பவும் அதான்."

"எப்பவும்? ஒரு தடவை கூட அவசரத்துல குழாயத் திறக்கல?"

"இல்ல மேடம்."

"அப்ப ஹீட்டர் தண்ணில இருக்கறது உன் தட்டுக்கு நடந்து வந்துச்சா?" பெரிய மேடம் கடிதத்தை மேசையில் போட்டார். "வெள்ளிக்கிழமை நிறுவனக் குழு கூடுது. அதுக்குள்ள நான் பதில் எழுதணும். எழுதறதுக்கு என்கிட்ட ஒரே பதில்தான் இருக்கு. மாணவியோட கவனக்குறைவு. மூணு மாசத்துல கப்பல் மறுபடி கிளம்புது. அதுல உன் இடத்தை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்வாங்க. உன் பட்டத்தைப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

சின்ன மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, குரல்தான் மெலிந்துவிட்டது. அவள் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பி நீட்டினாள்.

"நான் சேறு எடுக்கற வரைக்கும் உருளைய ஒரு நாள் கூடத் திறக்கல மேடம். திறந்திருந்தா இதுல தெரியும். பாருங்க, நாலு நாள் லீவுல கூட அண்ணா வந்து எழுதிருக்கார். இங்க இருநூத்தித் தொண்ணூத்தெட்டு. ரெண்டு குறைஞ்சதக் கூட விடாம எழுதற ஆளு. வெளித்தண்ணி எப்படி வந்திருக்கும்?"

பெரிய மேடம் பிரஷரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. ஏழுல ஏதாவது மாறிச்சா?"

"எழுதிருக்கேன் மேடம்" என்றார் பிரஷர்.

அதில் பொய் இல்லை. எழுதித்தான் இருந்தார். பொய் சொல்லாமல் பொய்யைக் காப்பாற்ற மூன்று வினாடி போதுமாக இருந்தது. சின்ன மேடம் நன்றியோடு அவரைப் பார்த்தாள். அவருடைய காது இரண்டும் சுட்டன. அறையை விட்டு வெளியே வந்தபோது அவள், "தேங்க்ஸ்ணா" என்றாள். அவர் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டில் மனைவி வேலை முடிந்து வந்து, வீங்கின விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வந்ததுல இருந்து அந்த நாற்காலியவே பாத்துட்டிருக்கீங்க? அது எங்கயும் ஓடாது."

அவர் கடிதத்தைப் பற்றி மட்டும் சொன்னார். வெந்நீர்த் தொட்டியில் போய் உயிர் இருக்குமா என்று வேறு கேட்டார். மனைவி இருக்காது என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் தூங்கலாம் என்று நினைத்திருக்கலாம்.

"ஏன் இருக்காது? எங்க கொதிதண்ணிக் குழாய்ல வழவழன்னு மஞ்சளாப் படியும். மாசம் ஒருதரம் கழட்டி நான்தான் சுரண்டறேன். ப்ளீச் ஊத்தினாலும் மறுமாசம் வந்து சட்டமா உக்காந்துக்கும். இதைப் பாக்கவா அவ்வளவு தூரம் கப்பல் விட்டீங்க? என்கிட்ட கேட்டிருந்தா டப்பால போட்டுக் குடுத்திருப்பேன்."

அவருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மழையிலிருந்து ஆரம்பித்து, குடையை வைத்ததிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு மேல பழி போகுதுன்னு தெரிஞ்சும் வாயத் திறக்காம வந்துட்டீங்க."

"எழுதிருக்கேன்னு சொன்னேன்."

"எழுதினது பொய்தான?"

அவர் தலையாட்டினார்.

"வேலை போயிடுமா?"

"போகாது. எச்சரிக்கை குடுப்பாங்க. வேற பிரிவுக்கு மாத்தலாம்."

"அப்புறம் எதுக்குப் பயம்?"

"பேரு போயிடும்."

"எந்தப் பேரு? உங்க பேரு பிரஷர். அது எங்க போகப்போகுது?" என்று சிரித்தவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, சாப்பிடுங்க. ஆனா காலையில நான் கிளம்பறப்ப நீங்க இன்னும் யோசிச்சிட்டிருந்தீங்கன்னா, நானே வந்து சொல்லிட்டுப் போயிடுவேன். உங்க ஆபீஸ் என் பஸ் போற வழிதான்."

செவ்வாய்க்கிழமை காலை அவர் மாடிக்குப் போனபோது சின்ன மேடம் தட்டுகளுக்கு ஒட்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நல்லவேளை வந்தீங்க. பதிவேட்ல அந்த மாசத்துப் பக்கமெல்லாம் ஒரு பிரதி வேணும். வெள்ளிக்கிழமை அதைத்தான் காட்டப் போறேன். எனக்கு வேற ஆதாரமே இல்ல."

அவர் நின்றபடியே சொன்னார். நேற்று மனைவியிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகவே சொல்ல முடிந்தது. அவள் எழுதுகோலை மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் ஒட்டுச்சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நாலு நாளும் வரலியா?"

"இல்ல."

"ஒரு நாள் கூட?"

"இல்ல மேடம்."

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

ஒரு காய்ச்சலைச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. "ஒண்ணும் ஆகல. வரல, அவ்வளவுதான்."

"தண்ணிய விடுங்க. பதற்றத்துல யாருக்கும் வரும். நானா இருந்தாலும் அந்தக் குழாயத் திறந்திருப்பேனோ என்னவோ. ஆனா இருநூத்தித் தொண்ணூத்தெட்டு எதுக்குண்ணா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"நாலு நாளும் முன்னூறுன்னே எழுதிருந்தீங்கன்னா எனக்கு எப்பவோ சந்தேகம் வந்திருக்கும். அந்த ரெண்டு குறைச்சலப் பாத்துதான் நான் நம்பினேன். நேத்து அவங்க முன்னாடி அதைத்தான் விரல் வெச்சுக் காட்டினேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க."

"நிஜம் மாதிரி இருக்கட்டும்னு..." அவருக்கு வாக்கியம் முடியவில்லை.

அவள் எழுந்து கைகழுவும் தொட்டிவரை போய்த் திரும்பி வந்தாள். "அப்ப ஏழுல நிஜமாவே இருந்தது?"

"செத்திருக்கும்."

"செத்துச்சுன்னு சொல்லக்கூட முடியாது. என்ன இருந்துச்சுன்னே தெரியாதே."

பிரஷர் நான்கு நாளைப் பற்றியும் அந்த எண்ணைப் பற்றியும் எத்தனையோ முறை கூசியிருந்தார். சேற்றுக்குள் இருந்தவற்றைப் பற்றி அதுவரை யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பத்தொன்பது நாள் கப்பலில், அதே பாரத்தில், அதே சூட்டில், குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்த ஏதோ ஒன்று. எந்த நோய்க்கு மருந்தாகியிருக்குமோ, ஒன்றுக்கும் உதவாமலே போயிருக்குமோ. யாரும் பார்க்காத ஒன்றை இழந்தால் துக்கப்படக்கூட ஒரு பெயர் கிடைப்பதில்லை.

"ஸ்பேனர எடுத்துட்டு வாங்க" என்றாள் சின்ன மேடம்.

கழுவும் அறையில் ஹீட்டரின் அடிக்குழாயை அவர் கழற்றினார். உள்விளிம்பில் மஞ்சள் வழவழப்பு தடவினாற்போல் இருந்தது. அவள் பஞ்சால் தொட்டு எடுத்து மூன்று தட்டுகளில் இழுத்தாள். பிறகு இருவரும் பெரிய மேடத்தின் அறைக்குப் போனார்கள்.

பெரிய மேடம் கத்துவார் என்று பிரஷர் எதிர்பார்த்தார். அவர் பதிவேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து சும்மா புரட்டினார்.

"இந்த நாலு நாள் மட்டும்தானா?"

"இது மட்டும்தான் மேடம். வேற எதுவும் இல்ல."

"அதை நான் எப்படி நம்பறது?"

பதினேழு வருடத்தில் மற்ற நாட்களில் பிரஷர் எழுதினதெல்லாம் உண்மை. அது உண்மை என்று சொல்ல அவருடைய வாய்தான் இருந்தது. அந்த வாய்தான் நேற்று அதே இடத்தில் நின்று "எழுதிருக்கேன்" என்றது. ஒரு பொய் தன் பங்குக்கு மட்டும் கெடுத்துவிட்டுப் போவதில்லை. பக்கத்திலிருக்கும் உண்மைகளுக்கும் சாட்சி இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

"இதை நான் எத்தனை பேருக்குக் காட்டிருக்கேன் தெரியுமா?" என்றார் பெரிய மேடம். தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பதிவேட்டை மூடித் தன் இழுப்பறையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று தட்டுகளிலும் மஞ்சள் வளர்ந்திருந்தது. கொழுப்புத் தட்டில் அதே தெளிந்த வட்டம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சலவைத்தூள் நிறுவனத்து ஆள் தொலைபேசியில் வருத்தப்பட்டார்: அட்டையில் ஆழ்கடல் படம் போட ஏற்பாடெல்லாம் ஆகிவிட்டது, ஹீட்டர் படத்தைப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். நொதி அப்படியேதான் இருந்தது. எழுபது டிகிரியில் அன்றும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டுதான் இருந்தது. பிரஷரின் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்குப் படம் வேணாம், பவுடர் போதும்னு சொல்ல வேண்டியதுதான" என்றார். சொல்வதற்கு யாரும் இல்லை.

குழு சின்ன மேடத்தின் மேல் தவறில்லை என்று எழுதியது. ஆனால் அவள் மூன்று வருடம் எழுதினதில் பாதிக்குமேல் வீணாகிவிட்டது. கப்பலில் அவளுடைய இடம் மட்டும் தப்பித்தது. போய், வேறொரு விரிசலிலிருந்து புதிய சேறு கொண்டுவந்தாள். அது ஒன்பதாம் உருளையில் இருக்கிறது. பிரஷருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. வேறு பிரிவுக்கு மாற்றவில்லை. ரப்பர் வளையங்களின் குணம் தெரிந்த வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம், மன்னிப்பு அல்ல. இனிமேல் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த இரண்டாவது ஆள் சின்ன மேடம்.

தினமும் காலையில் அவள் கீழே வருவாள். அவர் எண்ணைச் சொல்வார். அவள் குனிந்து தானும் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். முன்பு படிக்கட்டில் இறங்கும்போதே "அண்ணா, எல்லாரும் நலமா இருக்காங்களா?" என்று உருளைகளை விசாரிப்பாள். இப்போது காலை வணக்கத்தோடு சரி. அவளிடம் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் இருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவளுடைய பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு ஒன்றே கால் வருடம் தள்ளிப்போய் நடந்தது. கூட்ட அறையில் நாற்பது நாற்காலி. படக்கருவிக்கு மின்சாரம் இழுத்துக் கொடுத்துவிட்டுப் பிரஷர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவள் புதிய சேற்றைப் பற்றிப் பேசினாள். பழைய தவறைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தாள். ஆழ்கடல் மாதிரிகளில் வெந்நீர்க் குழாய் நுண்ணுயிர் எப்படிக் கலந்துவிட முடியும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. அதை வாசித்த தேர்வாளர் ஒருவர், வெளியூரிலிருந்து வந்த வயதானவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வெந்நீர் உருளைக்குள்ள எப்படிப் போச்சுன்னு மட்டும் நீங்க எழுதல. யாரோ ஊத்திருக்கணுமே? தானா போயிருக்காதே?"

பெரிய மேடம் தன் விரல்களைப் பார்த்தார். சின்ன மேடம் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க கவனக்குறைவுதான் சார்" என்றாள். "அதுக்கப்புறம் ரெண்டு பேர் பாத்துக் கையெழுத்துப் போடற மாதிரி மாத்திட்டோம்."

தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

பிரஷர் எழுந்து நின்றிருக்கலாம். நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றினார் என்பதுவரை உண்மை. 'எங்க' இல்லை சார், என்னுடையது என்று சொல்ல மூச்சு கூட எடுத்துவிட்டார். முன்வரிசையில் சின்ன மேடத்தின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வு நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு நியாயம் தோன்றியது, நல்ல நியாயம்தான். கேள்வி நகர்ந்து போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்காமல் அவள் விட்டுவிட்டாள். அந்த ஆள் அதைப் பேசாமல் வாங்கிக்கொண்டான். இரண்டாம் முறை.

பட்டம் கிடைத்தது என்று அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், அவரும் தட்டினார். பெற்றோர் வந்து மகளைக் கட்டிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவர் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். சின்ன மேடம் கையில் பூங்கொத்தோடு அவரிடம் வந்தாள்.

"மேடம், நான் அப்ப எழுந்து..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்கண்ணா. திங்கக்கிழமை ஒம்பதாம் உருளையத் திறக்கணும். வளையம் மாத்தறீங்கதான?"

"மாத்தறேன். வடிச்ச தண்ணி நாளைக்கே எடுத்து வெச்சிடறேன்." கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "நீங்களும் கூட நின்னா நல்லா இருக்கும்."

அவள் பூங்கொத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். சிரித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நின்னுதான ஆகணும்" என்றாள்.